பட்டனுக்குக் கள்ள ஓட்டு

மருந்துக்கடைச் செயலி ஒன்றில் எத்தனை விதமான ‘ஆர்டர் செய்’ பட்டன் இருக்கலாம்? ஒன்று போதும் என்பீர்கள். பல் டாக்டருக்கு மேல்மாடியில் இருந்த அந்தச் சின்ன ஆபீஸில் அது நடக்கிற காரியமில்லை. அங்கே டிசைன் போட்டவர்கள் இரண்டு பேர். ஒருத்தி நாத்தனார், இன்னொருத்தி அண்ணி.

முதலில் எல்லா ஸ்க்ரீனும் நாத்தனார் சின்னு போட்டதுதான். முதலாளி அவளுடைய அண்ணன். அவள் பிரசவத்துக்குப் போன சமயம், அதுவரை வாடிக்கையாளர் போனை எடுத்துப் பேசிக்கொண்டிருந்த அண்ணி, “நான் பாத்துக்கறேன்” என்று மவுஸைக் கையில் எடுத்துவிட்டாள். சின்னு திரும்பி வந்து பார்த்தால், பாதி ஸ்க்ரீனில் பச்சையாக ஒரு பட்டன், செங்கல் கணக்காக உட்கார்ந்திருந்தது. சின்னுவுடையதும் பச்சைதான், ஆனால் அது ஒல்லி, மூலையெல்லாம் வழவழவென்று இருக்கும். இவள் மாற்ற, அவள் மறுபடி மாற்ற, கடைசியில் அண்ணன் ஸ்க்ரீன்களைப் பாகம் பிரித்துக் கொடுத்தான். அதன் பிறகு அண்ணியின் பாகத்தை சின்னு ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

வாய்ச்சண்டை மட்டும் ஒரு நாளும் கிடையாது. “டீ போடட்டுமா சின்னு?” “வேணாம் அண்ணி, இப்பத்தான் குடிச்சேன்.” அவ்வளவு மரியாதை.

ஒரு நாள் காலையில் அண்ணன் வாயெல்லாம் பல்லாக வந்தான்.

“புது டூல் ஒண்ணு வாங்கியிருக்கேன். எல்லா ஸ்க்ரீனையும் அதுவே அலசும். ஒரே வேலை செய்யற பட்டனையெல்லாம் ஒண்ணா சேர்க்கும். எது அதிகமா இருக்கோ அதை மூலமா வெச்சுக்கிட்டு, மத்ததையெல்லாம் அதோட நகலா ஆக்கிடும். அப்புறம் மூலத்தை மாத்தினா போதும், எல்லா இடத்துலயும் தானா மாறிடும்.”

“எது அதிகமோ அதா?” என்றாள் சின்னு.

“அதேதான். மதியம் ஓட விடப்போறேன். அது சொல்றதுதான் தீர்ப்பு. என்னை யாரும் இழுக்காதீங்க.”

சின்னு மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அண்ணியின் பாகம்தான் பெரியது. தன் பட்டன் போனால் இந்த ஆபீஸில் தன் இடமும் போச்சு என்று அவளுக்குத் தோன்றியது. பிள்ளை பெறப் போன நேரத்தில் நாற்காலியைப் பறிகொடுத்தவள் என்றல்லவா ஆகிவிடும்?

அண்ணனும் அண்ணியும் சாப்பிடக் கீழே இறங்கியதும் காரியத்தில் இறங்கினாள். ஃபைலின் அடியில், யார் கண்ணிலும் படாத மூலையில், வெறும் பக்கம் ஒன்றைச் சேர்த்தாள். அவசரத்தில் கைக்கு வந்த ஸ்க்ரீனைத் திறந்தாள். அளவான உடம்பு, வழவழவென்ற மூலை. தன் கையால் போட்டது தனக்குத் தெரியாதா என்ன! அதைக் காப்பி எடுத்து ஒட்டினாள், ஒட்டினாள், விரல் வலிக்கும் வரை ஒட்டித் தள்ளினாள். கீழே பல் டாக்டரின் மெஷின் யாரையோ கொய்யென்று குடைந்துகொண்டிருந்தது.

மதியம் மூன்று பேரும் ஒரே திரை முன்னால் உட்கார்ந்தார்கள். டூல் ஓடியது, நின்றது. தீர்ப்பு வந்தது. மற்றதெல்லாம் கிட்டேயே வர முடியாதபடி ஒரு பட்டன் ஜெயித்திருந்தது. சின்னு பெருந்தன்மையாக முகத்தை வைத்துக்கொண்டாள். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்ததை அண்ணன் சத்தமாகப் படித்தான்.

“போட்டவர்... அட, உங்க அண்ணி!”

சின்னுவுக்கு ஒன்றுமே விளங்கவில்லை. அண்ணிக்கும்தான்.

“நான் இவ்ளோ போடலையே?” என்றாள் அண்ணி.

அண்ணன் பக்கத்தில் இருந்த எண்ணிக்கையை அமுக்கினான். அந்த ரகசியப் பக்கம் திறந்தது. மேலிருந்து கீழ் வரைக்கும் பட்டன், பட்டன், பட்டன். ஓரத்தில், ‘ஒட்டியவர்: சின்னு.’

சின்னு தலையைக் குனிந்துகொண்டாள். மாட்டிக்கொண்டோம், மானம் போச்சு என்று காத்திருந்தாள். தோளில் ஒரு கை விழுந்தது.

“எனக்காகவா சின்னு?” என்றாள் அண்ணி. “உன்னோடதைப் பாத்துப் பாத்துத்தான் மூலையெல்லாம் மழுக்கினேன், இளைக்க வெச்சேன். நீ ஒரு தடவையாச்சும் பாப்பேன்னு இருந்தேன். நீ திரும்பவே மாட்டேங்கற. கோவம்னு நெனச்சுட்டேன். யாருக்கும் தெரியாம எனக்குப் போய் இவ்ளோ செஞ்சிருக்கியேடி!”

அண்ணன் சின்னுவைப் பார்த்தான். கூடப் பிறந்தவனுக்குத் தெரியாதா? மீசைக்குள் சிரித்துக்கொண்டு மவுஸை அவள் பக்கம் நகர்த்தினான். “‘சரி’ங்கறதை நீயே அமுக்கும்மா.”

உண்மையைச் சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் பட்டன் போகும். சின்னு அந்தப் பட்டனைத் திரை முழுக்கப் பெரிதாக்கி, ஏதாவது குறை தட்டுப்படாதா என்று துழாவினாள். மூலையைப் பார்த்தாள். எழுத்துக்கும் ஓரத்துக்கும் நடுவில் விட்ட இடத்தைப் பார்த்தாள். அங்கே தன்னுடையதைவிட ஒரு நூல் தாராளமாகவே இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது.

“நல்லா இருக்கு அண்ணி,” என்று சொல்லிவிட்டு அமுக்கினாள். பொய் சொல்ல வழியில்லை. நன்றாக இல்லாததையா தன்னுடையது என்று நினைத்து எடுத்தாள்?