குளத்தில் மிதந்த கதவு

இப்பத்தைய சனத்துக்கு உப்புக் கேட்டு வந்தால் உப்போடு திரும்பிப் போகத் தெரியாது. சிரட்டையை நீட்டுவார்கள், உப்பை வாங்குவார்கள், பிறகு அந்தச் சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு மணித்தியாலம் நிற்பார்கள். முந்தியென்றால் படலைக்கு வெளியில் நின்று இருமிக் காட்டவேண்டும். வீட்டுக்காரன் "ஆரது" என்று கேட்டபிறகுதான் கால் உள்ளே வரும். இப்ப படலை இருக்கிறதே ஆடு வராமல் தடுக்க மட்டும்தான் என்று நினைத்துவிட்டார்கள். அதிலும் பெண்டுகள். வீரகத்தி தன் மகளை நெல்லறைக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார் என்ற கதை பரவினதுதான் தாமதம், ஆறாம் வாய்க்கால் குடியேற்றத்தில் அத்தனை குசினியிலும் ஒரே நாளில் உப்பு முடிந்துபோனது.

பூட்டினது உண்மைதான். அதை அவர் ஒளிக்கவில்லை.

எண்பத்திரண்டாம் ஆண்டு ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை காலமை, புகையிலைத் துண்டு மடித்து வைக்க ஒரு கடுதாசி தேடினார். மகள் விமலேஸ்வரியின் கொப்பி தையல் மெஷினுக்கு மேலே கிடந்தது. தாய் செத்த இந்த ஆறு வருசமாக அவள்தான் குடியேற்றத்துப் பெண்டுகளுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிறவள். வயது இருபத்தொன்பது. ஆவணியில் கலியாணம், மாப்பிள்ளை பளையில் கடை வைத்திருக்கிற கனகலிங்கம். கொப்பியில் நேசமலரின் நெஞ்சளவு, கையளவு எல்லாம் எழுதியிருந்தது. அதற்கடுத்த பக்கத்தைக் கிழிக்கப் போனவர் நின்றுவிட்டார். அதில் அளவு இல்லை.

வீரகத்தி மூன்றாம் வகுப்பு. எழுத்தை ஒவ்வொன்றாகத் தொட்டுத்தான் வாசிப்பார். மாமர நிழல் கிணற்றடி வரை போய்ச் சேருகிற நேரம் எடுத்தது, அந்த ஒரு பக்கத்துக்கு.

*நீ வரும்போது உன் இடது தோளில் மழை நிற்கிறது,
வலது தோளில் வெயில்.
நடுவில் இருந்த பொத்தானைக் கழற்றினேன்:
உள்ளே ஒரு குளம்,
குளத்தில் என் வீட்டுக் கதவு மிதக்கிறது.
என் கூந்தலில் மீன்கள் முட்டையிட்டன;
ஒருவருக்கும் சொல்லவில்லை.
உலை கொதிக்கையில் அரிசியெல்லாம்
உன் பேரைச் சொல்கிறது.
நான் மூடியை அழுத்திப் பிடித்திருக்கிறேன்.*

மீன் முட்டையிட்ட இடத்தை விரலால் இன்னொருக்காத் தொட்டு வாசித்துவிட்டுக் கூப்பிட்டார்.

"எடி பிள்ளை, இஞ்ச வா. ஆரவன்?"

"எவன்?"

"இதில இருக்கிறவன்."

விமலேஸ்வரி எட்டிப் பார்த்தாள். "அதில ஒருத்தரும் இல்லை அப்பா. அது கவிதை."

"கவிதையோ கத்தரிக்காயோ, தோள் இருக்கெல்லோ? தோள் இருந்தால் ஆள் இருக்கவேணும்."

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புத்தான் காரியத்தைக் கெடுத்தது. குத்தம் இல்லாதவள் அழுவாள், சத்தியம் பண்ணுவாள், சிரிக்கமாட்டாள் என்பது அவருடைய கணிப்பு. நெல்லறைக் கதவில் ஆமைப்பூட்டைப் போட்டார், திறப்பை இடுப்பில் செருகினார். பேரைச் சொன்னால் பூட்டுத் திறபடும். சொல்லாவிட்டால் ஆவணி வரை உள்ளே, பிறகு நேரே பளை. காலமையும் பின்னேரமும் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டுபோக மனைவியின் தமக்கை வடிவம்மாவை வரச் சொன்னார். சோறு யன்னலால்.

அன்றிரவு படுத்துக்கொண்டு யோசித்தார். இடது தோளில் தண்ணி. குளம். கதவு. இருபத்தாறு வருசம் தண்ணிக்குச் சண்டை பிடித்த மனிசனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. குளத்தில் கதவு என்றால் துருசுக் கதவு. அதைத் திறந்து வாய்க்காலுக்குத் தண்ணி விடுகிறவன் இந்தக் குடியேற்றத்தில் ஒரே ஒருத்தன்தான். தங்கராசா.

விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு துருசடிக்குப் போனார், வடிவம்மாவைக் கதவடியில் இருத்திவிட்டு. தங்கராசா அப்பத்தான் இரும்புச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு நிமிர்ந்தார். நாற்பத்தெட்டு வயது, முன்பல்லு ரெண்டு இல்லை. இடது தோள் தொப்பமாய் நனைந்திருந்தது.

"உன்ர தோள் ஏன் ஈரம்?" என்றார் வீரகத்தி, வந்த வேகத்தில்.

"துருசு திறக்கிறவன்ர தோள் நனையாமல் நெருப்பே பத்தும்? என்ன அண்ணை, காலங்காத்தால?"

"சட்டைப் பொத்தானைக் கழட்டு."

"எனக்கு உடம்புக்கு ஒண்டுமில்லை."

"உள்ளுக்குக் குளம் இருக்கெண்டு எழுதியிருக்கு."

"சிறுநீரகத்தில கல்லிருக்கெண்டு டொக்டர் சொன்னவர். குளம் எண்டு சொல்லேல்லை."

வீரகத்தி கொப்பியில் கிழித்து மடியில் வைத்திருந்த கடுதாசியை நீட்டினார். தங்கராசா வாசித்தார். பிறகு அதைத் தள்ளிப் பிடித்து இன்னொருக்கா வாசித்தார். முகத்தில் இருந்த பகிடி போய்விட்டது.

"இது என்ர மனிசி அரிசி களையேக்க முணுமுணுக்கிறது," என்றார் மெதுவாக. "கடைசி மூண்டு வரி. நான் ஒருநாளும் கேட்டதில்லை, என்னெண்டு."

"அப்ப உன்ர மனிசியும் எவனோடயோ…"

"வாயை அடக்கண்ணை!" தங்கராசா சக்கரத்தைத் தட்டினார். "வயசுக்கு மரியாதை தாறன், அதோட நில். வியாழக்கிழமை விடிய உனக்கு முறைத்தண்ணி. விடியத் திறப்பன், மத்தியானம் பூட்டுவன். அதுக்குள்ள பாய்ச்சினியோ, பாய்ச்சினாய். இல்லாட்டி அடுத்த முறைக்குப் பத்து நாள்."

பயிர் குடலைப் பருவம். பத்து நாள் காய்ந்தால் கதிர் வெளியே வராது, வைக்கோல்தான் வரும். இது இரண்டு பேருக்கும் தெரியும்.

அங்கேதான் வீரகத்தி தானும் அகப்பட்டுப்போனதைக் கண்டார். வயலுக்குப் போனால் கதவடியில் ஆள் வேண்டும். கதவடியில் இருந்தால் வயலில் ஆள் வேண்டும். இருபத்தாறு வருசத்தில் தன் முறைத்தண்ணியை அவர் ஒருத்தனையும் பாய்ச்ச விட்டதில்லை. அடுத்தவன் கையில் மண்வெட்டியைக் கொடுத்தால் வரம்பை ஒரு சாண் வெட்டித் தன் வயலுக்குத் திருப்புவான், திருப்பாதவன் மனிசனே இல்லை என்பது அவருடைய எண்ணம். துருசடிக்குப் போன ஒரு மணித்தியாலம் வடிவம்மாவிடம் கதவை விட்டதே நெஞ்சுக்குள் உறுத்தியது. திறப்பைக் கொடுத்துவிட்டு அரைநாள் போறதோ? ஆரை நம்பி?

செவ்வாயும் புதனும் கதவடியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். உப்புக்காரிகள் வந்தார்கள். யன்னலடியில் நின்றார்கள். துரத்தினால், "சட்டை குடுத்தனான், எப்ப தைச்சுத் தாறாள் எண்டு கேக்க வந்தனான்" என்றார்கள். நேசமலர் வந்தாள், பக்கத்துக் காணிக்காரி, நாலு பிள்ளைக்குத் தாய். குனிந்து யன்னலுக்குள்ளே கேட்டாள்:

"விமலா, மூடியை அழுத்திப் பிடிக்கிறதுக்கு முதல் என்ன வரும்? எனக்கு அந்த இடம் மறந்து போச்சு."

உள்ளேயிருந்து மகள் சொன்னாள். வெளியில் நின்றவள் சொல்லிப் பார்த்தாள். கதிரையில் இருந்தவருக்குக் காது மட்டும் பூட்டில்லை.

"உனக்கென்னத்துக்கு அது?" என்று சீறினார். "உனக்குப் புருசன் இருக்கிறான்."

"அவர் இருக்கிறார்தான்," என்றாள் நேசமலர். "சோறு வேணும், தேத்தண்ணி வேணும், மற்றது வேணும். அவற்ற பொத்தானைக் கழட்டினால் உள்ள பெனியன்தான் மாமா."

உள்ளே சிரிப்பு. வெளியிலும் சிரிப்பு.

புதன் பின்னேரம் ராக்காயி வந்தாள். எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்து, வாய்க்கால் முடிவில் காடு வெட்டிக் குடியிருக்கிறவள். அவருடைய வயலில் களை பிடுங்குகிறவள். எழுத்து வாசனை இல்லை. அவளாவது ஒழுங்காக இருப்பாள் என்று நினைத்தார்.

"பெரியவரே, பாப்பாவைத் தொறந்து விட்டுருங்க. பாவம்ங்க."

"அந்தக் கடுதாசியில என்ன இருக்கெண்டு தெரியுமோ உனக்கு?"

"தெரியாம என்னங்க. களை புடுங்கையில பாப்பாதான் சொல்லிக் குடுத்துச்சு. நாங்க அரிசின்னு சொல்றதில்லைங்க, கொழுந்துன்னு சொல்லுவோம். 'கூடையில கொழுந்தெல்லாம் உன் பேரைச் சொல்லுது.' எங்க லயத்துல இருந்தவளுக கேட்டா உருகிப் போயிருவாளுக."

"எவன்ர பேரை?"

ராக்காயி அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அது யாருக்குங்க தெரியும்? நாள் முச்சூடும் கங்காணி ஏவினான், வீட்டுல ஆம்பளை ஏவினான், இங்கே வந்தா நீங்க ஏவுறீங்க. அந்தப் பாட்டுல மட்டும் ஒருத்தரும் ஏவலைங்க. அவளே குளம்ங்குறா, குளம் வருது. கதவு மெதக்குதுங்குறா, மெதக்குது. அதான்."

"கதவு மிதக்காது. முதிரைப் பலகை தண்ணியில தாழும்."

"சரிங்க," என்றாள் ராக்காயி, பிள்ளைக்குச் சொல்லுகிற மாதிரி. யன்னலடியில் இரண்டு வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனாள்.

பொழுதுபட வடிவம்மாவிடம் தோற்றுப்போய்க் கேட்டார். "மச்சாள், நாளைக்கு அரைநாள் இந்தத் திறப்பை வைச்சிருப்பியளோ? முருகன்மேல சத்தியம் பண்ணித் தாங்கோ, திறக்கமாட்டன் எண்டு."

வடிவம்மா பாக்குவெட்டியை மூடினார். "சத்தியம் பண்ணினால் பொய்யாப் போகும் மச்சான். பெட்டை எழுதி வைச்சது என்ர பாட்டு."

"என்னது?"

"யப்பான்காரன் குண்டு போட்ட வருசம் நான் கலியாணம் முடிச்சுப் போனனான். அந்த வீட்டில கலியாணம் முடிக்காத ஒரு சின்ன மாமி. எனக்குச் சீப்பால தலை இழுத்துவிடேக்க சொல்லித் தந்தவா. அவாவுக்கு ஆர் சொன்னதோ தெரியாது, பாட்டில வாறவன் ஆரெண்டும் அவா சொல்லேல்லை. நான் என்ர தங்கச்சிக்குச் சொல்லிக் குடுத்தனான். தங்கச்சி தன்ர மகளுக்குச் சொல்லியிருக்கிறாள்."

தங்கச்சி என்றது வீரகத்தியின் மனைவியை.

அவர் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார். இருபத்தெட்டு வருசம் அவள் கையால் சோறு தின்றிருக்கிறார். அந்தப் பானைக்குள் என்ன சொல்லிக்கொண்டு கொதித்ததென்று இப்பத்தான் ஒருத்தி வந்து சொல்லுகிறாள், கேட்கவேண்டியவள் சாம்பலாய்ப் போனபிறகு.

"அவள் ஆரை நினைச்சுச் சொன்னவள்?"

"உன்னையெண்டு வைச்சுக்கொள்ளன்."

"என்ர தோளில ஒருநாளும் மழை நிக்கேல்லை மச்சாள். மண்வெட்டிதான் நிண்டது."

"அப்ப ஒருத்தரையும் இல்லையெண்டு வைச்சுக்கொள். என்ர மனிசன் போய் இருபது வருசம். எனக்கு இண்டைக்கும் உலையில கேக்குது. பேர் ஒண்டும் இல்லை. சொல்லுது, அவ்வளவுதான். நாற்பது வருசப் பழசு மச்சான் இது. இதுக்குள்ள தங்கராசா எப்பிடி வருவான்? அவன் அப்ப மூக்கு ஒழுக ஓடித் திரிஞ்சவன்."

"பழசாய் இருக்கட்டும்," என்றார் வீரகத்தி பிடிவாதமாக. "பாத்து எழுதினாலும், எழுதேக்க ஆரையோ நினைச்சுத்தானே எழுதியிருப்பாள்?"

வடிவம்மா பாக்குவெட்டியைத் திறந்து அடுத்த பாக்கை வெட்டத் தொடங்கினார். வென்றதில் அவருக்கு ஒரு சந்தோசமும் வரவில்லை.

வியாழன் விடிந்தது. வாய்க்காலில் தண்ணி வருகிற சத்தம் வீட்டு முற்றத்துக்குக் கேட்டது. தங்கராசா சொன்ன சொல் தப்பவில்லை. வீரகத்தி மண்வெட்டியோடு முற்றத்துக்குப் போனார், திரும்பிக் கதவடிக்கு வந்தார், மறுபடியும் போனார். தண்ணி அவருடைய வயலுக்குத் திரும்புகிற வாய்மடையைத் தாண்டிக் கீழ் வயல்காரர் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

"பேரைச் சொல்லு," என்றார் கதவைப் பார்த்து. "ஒரு பேர். நான் போய் வயலைப் பாக்கிறன்."

"அப்பா, தண்ணி வந்திட்டுது. போங்கோ."

"நான் போக நீ ஓடிப்போறதுக்கோ?"

உள்ளே ஒரு முறிகிற சத்தம். அவர் யன்னலடிக்கு ஓடினார். விமலேஸ்வரி யன்னல் கம்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கறையான் தின்று உள்ளே கோதாகிப்போன மரம். கதவுக்கு முதிரை போட்டவர், யன்னலுக்குக் கண்ட கம்பைப் போட்டிருந்தார். அவள் அடுத்ததையும் தள்ளினாள். அதுவும் விழுந்தது. ஒரு ஆள் தாராளமாய் வரலாம்.

"திங்கட்கிழமை இரவே கண்டனான்," என்றாள்.

அவர் விழுந்த கம்பை எடுத்துத் தட்டிப் பார்த்தார். "பின்ன ஏன் போகேல்லை?"

"போனால் எவனோடயோ போனனான் எண்டுதானே சொல்லுவியள். நான் போகேல்லை. உங்கட முகத்துக்கு நேர சொல்லவேணும் எண்டு இருந்தனான். நான் பளைக்கு வாழப் போகமாட்டன். அந்தாள் வந்த அண்டைக்கு என்னட்டக் கேட்டது ஒண்டே ஒண்டு, தையல் மெஷினும் கூட வருமோ எண்டு. ஓமெண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள். என்னை ஒருத்தரும் கேக்கேல்லை."

"அந்தப் பாட்டில வாறவனுக்காக வேண்டாமெண்ணுறாய்."

"அந்தப் பாட்டுக்காக. அதுக்குள்ள ஒருத்தி நிக்கிறாள் அப்பா. ஆள் ஆரெண்டு தேடுறியள், அவளைக் காணேல்லையே உங்களுக்கு?"

வீரகத்தி யன்னலைப் பார்த்தார். கையில் இருந்த திறப்பைப் பார்த்தார். மூன்று நாள் தான் காவல் இருந்தது எதை என்று அவருக்கு விளங்கவில்லை. கீழ் வயல் பக்கம் எவனோ மண்வெட்டியால் வரம்பு கொத்துகிற சத்தம் கேட்டது.

போய்ப் பூட்டைத் திறந்தார். கதவைத் தள்ளிவிட்டு விலகி நின்றார்.

"கனகலிங்கத்துக்கு நீயே கடுதாசி எழுது. எனக்கு எழுத்து வராது. கலியாணம் இல்லையெண்டு நேரா எழுது, ரெண்டு வரி. மீன், கூந்தல் ஒண்டும் வேண்டாம்."

"சரியப்பா."

"எழுதிப்போட்டு வாசிச்சுக் காட்டு. நானும் ஒருக்காப் பாக்கவேணும்."

"சரி."

அவள் வெளியில் வந்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, முற்றத்தில் நின்றாள். வடிவம்மா தேத்தண்ணியோடு வந்தார். படலையில் ஏற்கெனவே ஒரு சிரட்டை தெரிந்தது.

வீரகத்தி மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் வரம்பில் ஏறினார். பின்னால் பெண்டுகள் கதைக்கத் தொடங்கினது கேட்டது. என்ன கதை என்று கேட்க அவர் நிற்கவில்லை. ஆள் இல்லாமல் ஒரு பேராம். பேர் இல்லாமல் ஒரு ஆளாம். நாற்பது வருசமாய் இத்தனை பேர் சேர்ந்து ஒன்றுமில்லாத ஒன்றைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்களாம். வேற ஆருக்காவது சொல்லட்டும்.

"ஆரோ ஒருத்தன் இருக்கிறான்," என்று உரத்துச் சொல்லிக்கொண்டு, தண்ணி போகிற பக்கமாக வேகமாய் நடந்தார்.