கண்ணாயிரம் செய்த சோதனை

ஒலிமுகமதுபேட்டையில் கலீம் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்ப்பவன். லாரி முதலாளி கண்ணாயிரம் அவனைத் திருடன் என்று சொன்னது கலீமின் கடைக்குள் அல்ல. எதிரே லாரி ஸ்டாண்டில், எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில். கலீம் மாட்டிக் கொடுத்து, பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றாமல் போய்விட்ட ஆல்டர்னேட்டரைக் கழற்றி எடுத்துவந்து ரோட்டில் போட்டார்.

"பழைய டயோட உள்ள வெச்சுட்டு புதுசுன்றான் இந்தத் திருடன்."

கொஞ்ச நாளில் ஸ்டாண்டு வண்டிகள் வேறு கடைக்குப் போக ஆரம்பித்தன.

கலீம் எதையும் சீக்கிரம் மறந்துவிடுகிறவன். இதை மறக்கவில்லை. தொழுதுவிட்டு வரும்போதுகூட அந்த இடத்தை மிதிக்காமல் ஒதுங்கி நடந்தான்.

கண்ணாயிரத்தின் லாரி பழையது. திருப்புட்குழிப் பக்கத்திலிருந்து நெல் ஏற்றி வரும். கலீமை விட்டுப் போன பிறகு ஏனாத்தூரில் ஒருவர் ஆல்டர்னேட்டர் மாற்றினார். அதுவும் போயிற்று. சென்னையிலிருந்து புதிது வாங்கிவந்து மாட்டினார்கள். அதுவும் போயிற்று. கடைசியில் பழி டிரைவர் சத்யராஜ் தலையில் விழுந்தது. ஒரு மத்தியானம் அவன் கலீமைத் தேடி வந்தான்.

"பாய், நான் லைட்டப் போட்டுக்கினே தூங்குறனாம். இன்னொரு தபா சார்ஜ் ஏறலன்னா வூட்டுக்குப் போன்னுட்டாரு."

"பெல்ட்டு?"

"டைட்டா இருக்குது."

"எர்த்து ஒயரு?"

"புதுசு. எல்லாம் பாத்தாச்சு பாய். மாட்டுற அன்னிக்கு நல்லாத்தான் இருக்குது. ஓனரே டெஸ்ட் பண்ணித்தான் அனுப்புறாரு."

கலீம் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான். "எப்டி டெஸ்ட் பண்றாரு?"

"என்னிய எஞ்சின ரேஸ் பண்ணச் சொல்லிட்டு பேட்டரி டெர்மினலப் புடுங்குவாரு. லைட்டு எரிஞ்சுக்கினே இருந்தா டைனமோ நல்லா இருக்குதாம். அவுங்கப்பா சொல்லிக் குடுத்தது."

ஆல்டர்னேட்டரையும் ஸ்டாண்டில் டைனமோ என்றே சொல்வார்கள். அவருடைய அப்பா காலத்து நிஜ டைனமோ அதைத் தாங்கியது. ஆல்டர்னேட்டர் தாங்காது. ஓடும் எஞ்சினில் பேட்டரியைப் பிடுங்கினால் மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லை. எகிறித் திரும்பி உள்ளே இருக்கும் டயோடைச் சுட்டுவிடும். சில சமயம் அப்போதே. சில சமயம் இரண்டு நடை போய்வந்த பிறகு.

கலீம் இதை விளக்கியதும் சத்யராஜ் தலையில் அடித்துக்கொண்டான். "போய் சொல்லிடட்டுமா பாய்?"

"சொல்லாத. காசு வாணாம், புதுசு மாட்டித் தரேன்னு சொல்லி அவர வண்டியோட கூட்டிக்கினு வா. ஸ்டாண்டுல ஆளுங்க இருக்கிற நேரமா வா."

சாயங்காலம் லாரி ஸ்டாண்டுக்கு வந்தது. கண்ணாயிரம் தன் சொந்த ஸ்பானரோடு இறங்கினார்.

"இன்னா பாய், இந்த தபாவாவது புதுசு போடுவியா?"

ஸ்டாண்டு சிரித்தது. கலீமும் சிரித்தான். எல்லோரும் பார்க்க, பெட்டி பிரித்து, புது ஆல்டர்னேட்டரை மாட்டினான். பேட்டரி செத்துக் கிடந்ததால் நாலு பேர் தள்ளித்தான் வண்டியைக் கிளப்பினார்கள். ஹெட்லைட்டுகளைப் போடச் சொன்னான்.

"நீங்களே டெஸ்ட் பண்ணிக்கங்க, மொதலாளி. அப்புறம் திருடன்னு சொல்லக்கூடாது பாருங்க."

கண்ணாயிரம் டெர்மினலைத் தளர்த்தினார். தடுக்க அப்போதும் நேரம் இருந்தது. கலீம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

சத்யராஜ் ஆக்ஸிலேட்டரை மிதித்தான். கண்ணாயிரம் பிடுங்கினார். ஹெட்லைட்டுகள் கண் கூசும் வெள்ளையாக எரிந்து, பொட்டென்று அணைந்தன. கருகிய வாடை வந்தது.

"பாத்துக்கங்கபா," என்றான் கலீம். ஸ்டாண்டு முழுக்கக் கேட்டது. "அத்தினி டைனமோவையும் கொன்னது பேட்டரியப் புடுங்குன மொதலாளி கைதான்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சத்யராஜ் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, சாவியைக் கண்ணாயிரத்தின் கையில் வைத்தான். "தூங்கினது நான்னு சொன்னீங்களே. இனிமே நீங்களே ஓட்டிக்கங்க."

கண்ணாயிரம் டெர்மினலை மாட்டி, ஏறிச் சாவியைத் திருப்பினார். செத்த பேட்டரி முனகக்கூட இல்லை. ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"தள்ளி வுடுங்கபா."

ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் கலீமைப் பார்த்தார்கள்.

"அன்னிக்கு இங்க நின்னுதான் சொன்னீங்க," என்றான் கலீம். "இங்கியே எறங்கி நின்னு மாத்திச் சொல்லுங்க."

கண்ணாயிரம் இன்னொரு தடவை சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டு இறங்கினார். தரையைப் பார்த்துக்கொண்டே என்னவோ முனகினார்.

"கேக்கல."

"நீ திருடன் இல்ல," என்றார் கண்ணாயிரம். "தப்பு என்னுது."

"இன்னும் சத்தமா. டீக்கடையில இருக்கிறவங்களுக்குக் கேக்கணும்."

சொன்னார்.

கலீம் கையைத் துடைத்துக்கொண்டான். "தள்ளுங்கபா," என்றான்.

ஆட்கள் ஓடிவந்து லாரியின் பின்னால் கை கொடுத்தார்கள். அவன் மட்டும் கொடுக்கவில்லை.