பெரோன் அக்காவின் சிவப்புத் திண்டு

ஒதீல் சீமாட்டிக்கு வெர்சாய் அரண்மனையில் எல்லாம் வாய்த்திருந்தது, உட்காரத்தான் கொடுத்து வைக்கவில்லை. அரச குடும்பத்துப் பெண்களின் முன்னால் டியூக்கின் மனைவி மட்டுமே குட்டி ஸ்டூலில் உட்காரலாம். சாய்மானம்கூட இல்லாத சாமான் அது, பால் கறப்பவள்கூட அதைவிட வசதியாக உட்காருவாள். ஆனால் அதற்காகத் தலையை அடகு வைக்கவும் அங்கே ஆள் இருந்தது. ஒதீலின் கணவர் டியூக் இல்லை, ஒரு படி கீழே, வெறும் மார்க்கி. ஆகவே கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் நின்றுகொண்டே இருந்தாள். கணுக்கால் இரண்டும் வீங்கிப்போயிருந்தன.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள், மாட்ரிட்டிலிருந்து அக்கா பெரோன் வருகிறாள் என்று கேள்விப்படும்வரை.

இருவரும் பெசான்சோன் நகரத்துப் பெண்கள். அக்காவுக்குக் கல்யாணமானபோது அந்த ஊர் ஸ்பெயின் ராஜாவுக்குச் சொந்தம், மாப்பிள்ளையும் ஸ்பெயினிலிருந்தே வந்தார், பெரிய இடத்துப் பிரபு. தங்கையின் கல்யாணத்துக்குள் பிரெஞ்சு ராஜா ஊரைப் பிடித்துவிட்டார், மாப்பிள்ளை பாரிஸிலிருந்து வந்தார். ஒரே வீட்டில் பிறந்தவர்கள் இரண்டு தேசமானார்கள். இப்போது ஸ்பெயின் ராஜா பிள்ளையில்லாமல் போய்ச் சேர, பிரெஞ்சு ராஜாவின் பேரனே அங்கே முடிசூடிக்கொண்டான். இனிமேல் ஸ்பெயினின் பெரிய பிரபுக்களும் பிரெஞ்சு டியூக்குகளும் சரிசமம் என்று இரண்டு அரண்மனைகளும் பேசி முடித்துவிட்டன. அதாவது, அக்கா வந்த முதல் நாளே உட்காருவாள். தங்கை அவள் பின்னால் நிற்பாள்.

ஒதீலுக்கு வயிறு பற்றி எரிந்தது. சின்ன வயதில் வண்டியிலும் ஜன்னலோரம் அக்காவுக்குத்தான். இத்தனை காலம் கழித்து வந்து இதையும் பிடுங்கிக்கொள்ள வேண்டுமா?

பெரோன் பருத்துப்போய், வாய் நிறையச் சிரிப்போடு வந்து இறங்கினாள். தங்கையின் வீட்டில் உட்கார்ந்ததும் கெட்டியான சாக்லேட் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

"ஏன்டி இப்படி இளைச்சுட்ட? உன் வீட்டுக்காரர் சாப்பாடு போடறாரா இல்லையா?"

"நாங்க நிக்கிற ஜாதி அக்கா. உக்காந்து உக்காந்து பெருத்துப் போறதுக்கு எங்களுக்கு ஏது வசதி? காலைப் பாரு, எப்படி வலிக்குது தெரியுமா?"

குத்தல் பெரோனுக்கு உறைக்கவே இல்லை. "ஐயோ பாவம்" என்று தங்கையின் காலைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நாளைக்கு அரண்மனையில இளவரசியைப் பார்க்கப் போகணுமே, அவங்க முன்னால எப்படிடி உக்காரணும்? எங்க ஊர்ல ராணி முன்னால தரையில திண்டு போட்டு, சம்மணம் போட்டு உக்காருவோம். திண்டு கிடைச்சாத்தான் மரியாதையே. இங்க என்ன வழக்கமோ! தப்பாப் பண்ணி மானம் போயிடக் கூடாது. நீதான் சொல்லணும்."

'ஸ்டூல் போடுவார்கள், அதில் உட்கார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது நாக்கு நுனிவரை வந்தது. ஒதீல் அதை விழுங்கினாள்.

"ரெண்டு தேசமும் இப்ப ஒரே குடும்பம்தானே அக்கா. உன் வழக்கப்படியே திண்டைப் போட்டு உக்காரு. இளவரசிக்கு ரொம்பப் பிடிக்கும்."

மறுநாள் பிற்பகல் இளவரசியின் கூடம் நிறைந்திருந்தது. ராஜாவுக்கு உறவான விதவை அவள், எதிலும் பிடிப்பில்லாமல் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பாள். பெரோன் வணங்கி நிமிர்ந்ததும் சேவகன் ஸ்டூலைக் கொண்டுவந்து வைத்தான். அது யாருக்கோ என்று நினைத்து பெரோன் கையசைக்க, அவளுடைய தாதி தங்கக் குஞ்சம் வைத்த சிவப்பு வெல்வெட் திண்டைத் தரையில் போட்டாள். பெரோன் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு தொப்பென்று அதில் சம்மணம் போட்டாள்.

 விசிறிகளுக்குப் பின்னால் கிளுகிளுவென்று சிரிப்பு கிளம்பியது. ஒதீலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இப்படி ஒரு சந்தோஷம் அவளுக்குக் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

இளவரசி முன்னால் குனிந்தாள். "என்னம்மா இது? எங்க ஸ்டூல் என்ன, முள்ளா குத்துது?"

பெரோன் முகம் சிவந்து நிமிர்ந்தாள். "மன்னிக்கணும் இளவரசி. எங்க மாட்ரிட்ல இதுதான் பெரிய மரியாதை. இப்படியே உக்காரு, உங்களுக்குப் பிடிக்கும்னு என் தங்கச்சிதான் சொன்னா."

இளவரசி வெடித்துச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "பிடிச்சிருக்கு, ரொம்பவே பிடிச்சிருக்கு! கொட்டாவி விட்டே கிழவியாயிட்டேன், இன்னைக்குத்தான் ஒருத்தி சிரிக்க வெச்சிருக்கா. எங்க அந்தத் தங்கச்சி?"

எல்லாத் தலைகளும் திரும்பின. இத்தனை காலத்தில் இளவரசி ஒதீலை ஏறிட்டுப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"ஸ்டூல் உன் உரிமைம்மா, ஏறி உக்காரு" என்றாள் இளவரசி பெரோனிடம். பிறகு ஒதீலிடம், "திண்டு சும்மாத்தானே கிடக்கு? ஸ்டூலுக்குத்தான் எங்ககிட்ட சட்டம் இருக்கு. திண்டைப் பத்தி ஒருத்தரும் ஒண்ணும் எழுதி வைக்கல. மார்க்கி பொண்டாட்டி உக்காந்தா யாரு கேக்கறது? வா, உக்காரு."

பெரோன் தாதியின் தோளைப் பிடித்து எழுந்து ஸ்டூலுக்கு மாறினாள். குனிந்து திண்டைத் தட்டினாள். "வாடி ஒதீல். கால் வலிக்குதுன்னியே."

ஒதீலின் கால்கள் அந்தத் திண்டுக்காகக் கெஞ்சின. ஆனால் அது அக்காவின் காலடியில் கிடந்தது. அக்கா மேலே, அவள் கீழே. கூடமே பார்க்க.

"வேண்டாம் இளவரசி" என்றாள். "எனக்கு நிக்கிறதுதான் பழக்கம்."

"உன் இஷ்டம்." இளவரசி தோளைக் குலுக்கிவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். "வேற யாருக்காவது வேணுமா?"

பின்வரிசையில் மதாம் ப்ரியாக் நின்றிருந்தாள். அவளும் மார்க்கியின் மனைவிதான், ஒதீலைவிட இளையவள். கேள்வி முடிவதற்குள் பாதித் தூரம் வந்துவிட்டாள். உட்கார்ந்ததும் அவள் விட்ட "அப்பாடா" கூடம் முழுக்கக் கேட்டது.

வசந்தம் வந்ததும் பெரோன் தங்கையை முத்தமிட்டு, "உன்னாலதான்டி என் மானம் பிழைச்சுது" என்று சொல்லிவிட்டு மாட்ரிட்டுக்குத் திரும்பினாள். திண்டை இளவரசிக்கே கொடுத்துவிட்டுப் போனாள். அதற்குக் கூடத்தில் ஒரு பெயரும் வந்துவிட்டது. தினமும் பிற்பகல் இளவரசி கையைத் தட்டி, "தங்கச்சி திண்டைக் கொண்டா" என்பாள். சேவகன் கொண்டுவந்து போடுவான். மதாம் ப்ரியாக் அதில் உட்காருவாள். ஒதீல் அவளுக்குப் பின்னால் நிற்பாள்.