விரால் என்று சொன்னேன்

மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு, "சார், அஞ்சு நிமிஷம்தான்" என்றான் அரசப்பன். ஓய்வுபெற்ற தாசில்தார். பன்னிரண்டு வயதில் எங்கள் சாரணர் கோடை முகாமுக்கு வந்தபோது, அவன் விட்ட குறட்டையில் மூன்று கூடாரங்கள் சாய்ந்தன. நான்கு என்றுதான் வழக்கமாகச் சொல்வேன். அன்று குறைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன்.

திருக்காட்டுப்பள்ளிக்கு மேற்கே, காவிரிக்கரையில் அதே மாந்தோப்பு. பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாற்பது பழைய பையன்கள். நரைக்காதவனுக்குத் தலையில் முடியே இல்லை. மேசைமேல் வீரையனின் படம். அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெரிதாக்கியிருந்தார்கள். நீதிபதி முன்னால் நிற்பதுபோல் விறைப்பாக இருந்தார். அவர் போய்ப் பதினாறு நாள் ஆகியிருந்தது. முதல் வரிசையில் மகள் செவ்வந்தி, தஞ்சாவூரில் நர்ஸ், கைகளை மடியில் கோத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

முப்பத்தொரு கோடை அவர்தான் எங்கள் முகாமுக்குத் தண்ணீர். மே மாதக் காவிரியில் மணல்தான் ஓடும். விடியற்காலையில் வீரையன் மண்வெட்டியோடு இறங்கி ஊற்றுத் தோண்டுவார். சரியாமல் சுற்றிலும் மூங்கில் தட்டி இறக்குவார். முதலில் சுரப்பது கலங்கல். கொட்டாங்கச்சியால் மூன்று தடவை இறைத்து ஊற்றிவிடுவார். நான்காவதுதான் குடிக்க. அவர் கை பட்ட தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லி அனுப்பிய பையன்கள் வருஷத்துக்கு ஏழெட்டுப் பேர் வருவார்கள். அவர்களிடம் வீரையன் கோபித்ததில்லை. "அதனாலென்ன தம்பி, ஆத்துல எடத்துக்கா பஞ்சம், நீங்களே தோண்டிக்கிங்க" என்று மண்வெட்டியை நீட்டுவார். மூன்றாம் நாள் அவர்கள் குழியெல்லாம் சரிந்து கிடக்கும். நாக்கு வறண்டு வந்து வீரையனின் ஊற்றோரம் மண்டியிடுவார்கள். நான்காம் நாள் "அண்ணே" என்பார்கள். ஊரில் அப்படிக் கூப்பிட்டிருந்தால் முதுகு வீங்கியிருக்கும்.

நான் பூதலூர்ப் பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். முகாமில் கதை சொல்வது என் வேலை. வீரையன் மணலில் காதை வைத்தால் மேட்டூரில் மதகு திறப்பது கேட்கும் என்பேன். மதகுக்காரருக்கு ஜலதோஷம் என்று ஒருநாள் கேட்டுச் சொன்னதாகவும் அளப்பேன். பையன்கள் அவரிடம் ஓடிப்போய்க் கேட்பார்கள். "வாத்தியார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

அறுபத்தேழில் ஆட்சி மாறி இரண்டாவது கோடை. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுத் தெருத்தெருவாகச் சிவப்புக் கொடி ஏறியிருந்தது. வீரையன் தெருவில் கொடிக்கம்பம் நட்டது வீரையன். குழி தோண்டத் தெரிந்தவர் வேறு யார்? அவர் குத்தகைக்கு உழுத நாலு மா நிலம் எந்த மிராசுதாருடையதோ, அந்த மிராசுதாரின் வைக்கோல்போர் ஒருநாள் காலை ஏழு மணிக்குப் பற்றி எரிந்தது. மத்தியானம் போலீஸ்காரர்கள் வந்து வீரையனைக் கூட்டிப்போனார்கள்.

காலை ஏழு மணிக்கு அவர் இடுப்பளவு குழிக்குள் நின்றிருந்தார். நான் மேலே நின்று கூடை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். முகாம் தலைவர் காய்கறி வாங்கப் போயிருந்தார். பையன்களைக் கோர்ட்டு வாசல்படி மிதிக்க விடமாட்டோம் என்று அப்பாமார்கள் சொல்லிவிட்டார்கள். சாட்சி சொல்ல மிச்சம் நான்தான்.

கூண்டில் ஏறி உண்மையைச் சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் மெதுவாகக் கேட்டார்: "தினம் தோண்டுறாரு, தினம் கூடை வாங்குறீங்க. அந்தத் தேதிதான்னு எப்படி ஞாபகம்?"

எப்படி ஞாபகம்? அன்று எல்லா நாளையும் போல ஒரு நாள். அப்படியே சொல்லியிருக்கலாம். எனக்கு அது போதவில்லை. "அன்னைக்குத்தான் ஊத்துக்குள்ள மீன் கெடச்சுது" என்றேன்.

"காவேரி காஞ்சு மூணு மாசம். மணலுக்குள்ள மீனா? என்ன மீனு?"

"விரால்."

கோர்ட்டில் சிரித்தார்கள். அங்கேயே வாபஸ் வாங்கியிருக்கலாம். ஆனால் சிரிப்புச் சத்தம் காதில் விழுந்ததும் எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. "முழங்கை நீளம்" என்று கையைக் காட்டினேன். "வீரையனைப் பார்த்து வாயை வாயைத் திறந்துச்சு." டவாலிச் சேவகர்கூடச் சிரித்தார். வீரையன் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சாட்சி நம்பத்தக்கதல்ல என்று எழுதிவிட்டார்கள். பிடித்துப்போன நாளிலிருந்து பதினோரு மாதம் ஜெயிலில் இருந்தார். அதற்குள் அந்த நாலு மா நிலத்திலும் மிராசுதார் வேறு ஆளை இறக்கிவிட்டார். வீரையன் மனைவி ரெங்கம்மாள் ஐந்து வயது செவ்வந்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய், தாங்கள் உழுத வயலிலேயே கூலிக்கு நடவு நட்டாள்.

அடுத்த மே மாதம் வீரையன் மண்வெட்டியோடு வந்து நின்றார். தோண்டினார், தட்டி இறக்கினார், மூன்று தடவை இறைத்தார். நான்காவதை என் கையில் ஊற்றும்போது கேட்டார்: "ஏன் சார், விரால்னா சொன்னீங்க?"

அவ்வளவுதான். அதற்கப்புறம் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

மைக்கில் இதையெல்லாம் சொன்னேன். "அன்னைக்கு ஊத்துல மீன் இல்ல. நான் இட்டுக்கட்டினது. அதனாலதான் அவர் உள்ளே போனார், நிலமும் போச்சு." அரசப்பன் சிரித்தான். "சார் மாறவே இல்லடா. அந்த மீனை நானே பார்த்தேன்!" நாற்பது பேரும் கைதட்டினார்கள். ஐம்பது வருஷமாகப் பார்க்கும்போதெல்லாம் அந்த மீன் கதையை அவர்களுக்கு ஊட்டி வளர்த்தவன் நான். ஐந்து நிமிஷத்தில் பிடுங்கிவிட முடியுமா? செவ்வந்தி கைதட்டவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு ஆற்றில் இறங்கினாள். கையில் அப்பாவின் மண்வெட்டி. நானும் பின்னால் போனேன். மணல் லாரிகள் அள்ளி அள்ளி ஆற்றுப்படுகை ஓர் ஆள் உயரம் தாழ்ந்திருந்தது. நைலக்ஸ் புடவையைச் செருகிக்கொண்டு தோண்ட ஆரம்பித்தாள். நான் கூடையை வாங்கிப் போட்டேன். எழுபத்து மூன்று வயதுக்கு நன்றாகவே போட்டேன்.

"அப்பா கடைசியில என் பேத்திக்கு அந்தக் கதையத்தான் சொல்லிக்கிட்டிருந்தாரு" என்றாள், குழிக்குள்ளிருந்து. "ஆனா அவரு விரால்னு சொல்ல மாட்டாரு. கெளுத்திம்பாரு. வாத்தியார் சேத்துக்குள்ள கெடக்குற கெளுத்தின்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்கம்மான்னு சொல்லுவாரு."

நான் அடுத்த கூடையை வாங்கிக் கொட்டினேன்.

"எனக்கு அந்தக் கதை பிடிக்காது சார்" என்றாள் செவ்வந்தி. "சின்ன வயசுலேருந்தே பிடிக்காது."

"தெரியும்மா."

ஈரம் கண்டது. கலங்கலாகச் சுரந்தது. கொட்டாங்கச்சியால் இறைத்து ஊற்றினாள். மறுபடியும். மூன்றாவது தடவையும். பிறகு குழிக்கரையில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "தெளியட்டும்" என்றாள்.

இருவரும் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் மெல்லத் தெளிந்தது. அடியில், மணலைக் கிளப்பிக்கொண்டு ஏதோ ஒருதரம் அசைந்து அடங்கியது. செவ்வந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

என்ன மீன் என்று நான் சொல்லவில்லை.