கேள்விப் பெட்டியில் வக்கீலம்மா

அந்தக் குடியிருப்பில் எல்லாரும் வக்கீலம்மா என்று அழைக்கும் பெண்மணி சட்டக் கல்லூரி வாசலைக்கூட மிதித்தவர் இல்லை. தண்ணீர் மோட்டார் பழுதானபோது கட்டட உரிமையாளரைப் படிக்கட்டிலேயே நிறுத்திவைத்து அவர் கேட்ட கேள்விகளில், மனிதர் மோட்டாரோடு லிஃப்டையும் சேர்த்துச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது.

அவருடைய கணவர் ஓவியர். பத்திரிகையில் தினம் பெயர் வருகிற ரகம் இல்லை. தேடிவந்து வாங்குகிறவர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான். மழை நனைத்த தெரு, மூடிய கடை, யாரும் உட்காராத நாற்காலி, இப்படித்தான் வரைவார். பேச்சு மட்டும் அவருக்கு வராது. படத்தின் விலையிலிருந்து படத்தின் பொருள்வரை யார் எதைக் கேட்டாலும், "அவளக் கேளுங்க" என்று மனைவி இருக்கும் திசையைத் தூரிகையால் காட்டிவிடுவார். கணவரின் சார்பில் பதில் சொல்லிச் சொல்லி, படங்களைத் தாமே வரைந்தது போன்ற ஒரு தோரணை வக்கீலம்மாவுக்கு வந்துவிட்டிருந்தது. அதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. தோரணைக்கு ஏற்ற உழைப்பும் இருந்தது.

சங்கதி தொடங்கியது கீழ்த்தளத்து மருந்துக்கடையில். தலைவலி மாத்திரை வாங்கப் போனவரிடம் கடைக்காரர் தன் கைப்பேசியை நீட்டினார்.

"என்னம்மா, சார் படமெல்லாம் இப்ப நெட்டுல ஏலத்துக்கு வருதே! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

பார்த்தால், ஓர் ஏலத் தளத்தில் 'கலைப்பொக்கிஷம்' என்ற பெயரில் எவனோ ஒருவன் ஓவியரின் படம் என்று ஒன்றை விற்பனைக்கு வைத்திருந்தான். மழைத் தெரு, மூடிய கடை, காலி நாற்காலி, மூன்றும் ஒரே படத்தில். ஒன்று வாங்கினால் இரண்டு இலவசம் என்பது போல. கீழே ஓவியரின் கையெழுத்து, ஓவியரே பொறாமைப்படுகிற அளவுக்கு அழகாக.

"இது எங்க வீட்டுச் சரக்கே இல்ல" என்றார் வக்கீலம்மா. மாத்திரையை மறந்து படியேறினார். தலைவலியும் எங்கேயோ போய்விட்டது.

தளத்துக்குப் புகார் அனுப்பினார். 'உங்கள் அக்கறைக்கு நன்றி' என்று பதில் வந்தது. மறுபடி அனுப்பினார். மறுபடி நன்றி. அதன்பின், நீங்கள்தான் அந்த ஓவியரா என்று கேட்டார்கள். ஓவியரின் மனைவி என்று எழுதினார். மனைவிகளுக்கென்று அந்தத் தளத்தில் பிரிவு ஏதும் இல்லை போலிருக்கிறது. திரும்பவும் நன்றி.

வேறொருவராக இருந்தால் இத்தோடு தலையில் அடித்துக்கொண்டு விட்டிருப்பார். வக்கீலம்மா அந்தப் பக்கத்தை மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்ததில், படத்துக்கு அடியில் ஒரு கட்டம் கண்ணில் பட்டது. 'விற்பவரிடம் கேளுங்கள்.' யார் வேண்டுமானாலும் கேட்கலாம், விற்பவரும் திருப்பிக் கேட்கலாம். கேள்வி எல்லார் கண்ணிலும் படும். பதில் வராவிட்டால் 'பதில் இல்லை' என்று சிவப்பு எழுத்தில் அப்படியே நிற்கும்.

கேள்வி கேட்கவென்றே ஒரு பெட்டி! வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

அவர் திட்டவில்லை, மிரட்டவில்லை. அங்கேதான் அவருடைய சாமர்த்தியம். "படம் ரொம்ப அழகா இருக்குங்க. பின்பக்கத்த ஒரு போட்டோ எடுத்துப் போட முடியுமா?" என்று கேட்டார். பயல் போட்டான். "நன்றிங்க. பழைய படம்னு சொல்றீங்க, கேன்வாஸ் நேத்துதான் கடையில வாங்கின மாதிரி பளபளன்னு இருக்கே?" இருட்டறையில் வைத்துப் பாதுகாத்ததாகப் பதில் வந்தது. "இருட்டுலயா? பாவம். அப்ப தெருத் தண்ணியில விழற கடை போர்டோட நிழல், தலைகீழா இல்லாம நேரா நின்னுகிட்டு இருக்கே, அதையும் கவனிச்சிருக்க மாட்டீங்க."

பதில் இல்லை. சிவப்பு எழுத்து. ஏலம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

கலைப்பொக்கிஷம் அடுத்த படத்தைப் போட்டான். வக்கீலம்மா அடுத்த கேள்வியைப் போட்டார். அவனைப் பார்த்து வேறு சிலரும் கடை விரித்தார்கள், அவர்களுக்கும் ஆளுக்கொரு கேள்வி கிடைத்தது. போகப் போக, வாங்க வருகிறவர்கள் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே கீழே இறங்கி, அந்த அம்மா ஏதாவது கேட்டிருக்கிறாரா என்று பார்க்கத் தொடங்கினார்கள். கடைசியில் தளமே இறங்கி வந்தது. கலைப்பொக்கிஷத்தின் விற்பனையை நிறுத்திவைத்து விசாரிப்பதாகவும், தங்கள் கருத்தை முக்கியமாக எடுத்துக்கொள்வதாகவும் எழுதினார்கள். அந்த வாரம் வக்கீலம்மா மாடியிலிருந்து படியிறங்கிய அழகைப் பார்த்திருக்க வேண்டும். மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்றார்.

அந்த மிதப்பில்தான் ஊதாப் படம் வந்து சேர்ந்தது.

ஒரு ஜன்னல், அதற்கு வெளியே மழை வரப்போகிற தெரு, வானம் முழுக்க ஊதா. விற்றது புதுக் கணக்கு. அதற்குமுன் ஒரு தையல் மெஷினும் ஒரு புத்தக அலமாரியும் மட்டுமே அதில் விற்றிருந்தன. இந்தப் படம் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று வக்கீலம்மா கேட்டார். 'அவரே கொடுத்தார்' என்று இரண்டே சொல்லில் பதில் வந்தது.

வக்கீலம்மா சிரித்துவிட்டார். இந்த முறை கேள்விகூடக் கேட்கவில்லை. 'நான் அவருடைய மனைவி. என் கணவர் வாழ்நாளில் ஊதாவைத் தொட்டதில்லை. இது போலி. யாரும் ஏமாற வேண்டாம்' என்று எழுதினார். அன்று சாயங்காலத்துக்குள் தளம் அந்தக் கணக்கை மூடிவிட்டது.

ஓவியர் அப்போது அடுத்த அறையில்தான் தூரிகை கழுவிக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் கேட்கும் தூரம். கூப்பிட வேண்டும் என்று வக்கீலம்மாவுக்குத் தோன்றவில்லை. ஓவியரைப் பற்றிய எதையும் ஓவியரிடம் கேட்கும் வழக்கம் அந்த வீட்டில் ஒழிந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

விடுமுறை நாளில் நாத்தனார் வந்தாள். ஓவியரின் தங்கையான அவளுக்குப் பல் ஆஸ்பத்திரி ஒன்றின் வரவேற்பில் வேலை. அண்ணியின் வெற்றிகளைக் கேட்டுக் கேட்டு அவளுக்கே பல் கூச ஆரம்பித்திருந்தது. அன்றும் வக்கீலம்மா ஒவ்வொரு போலியாகத் திரையில் காட்டிக்கொண்டே வந்தார். ஊதாப் படத்தில் நாத்தனாரின் கை அவர் கையைப் பிடித்து நிறுத்தியது.

"அண்ணி, இதையா போலின்னு சொன்னீங்க?"

"பின்ன? உங்க அண்ணன் என்னிக்கு ஊதாவத் தொட்டிருக்காரு?"

"கல்யாணமான புதுசுல நீங்க வேலை டிரெய்னிங்னு வெளியூர் போனீங்களே, அப்பத் தொட்டாரு. தொட்டாரு என்ன, முங்கிக் குளிச்சாரு! நான் பக்கத்துலயே உக்காந்து பாத்தேனே. இந்த ஜன்னல் கம்பியப் பாருங்க, வளஞ்சிருக்கா? பழைய வாடகை வீடு அண்ணி."

வக்கீலம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கம்பி வளைந்துதான் இருந்தது. ஈரப் போர்வையைக் காயப்போட்டு அதை வளைத்தவரே அவர்தான்.

"ஏங்க!"

அந்த ஒரு கூப்பாட்டில் ஓவியர் கையில் துணியோடு ஓடிவந்தார். திரையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, இது எங்கேருந்து வந்துச்சு?"

"நீங்க போட்டதா?"

"ஆமா."

"ஊதாவுலயா?"

"வானம் அன்னிக்கு அப்படித்தான் இருந்துச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

ஓவியர் தங்கையைப் பார்த்தார். தங்கை மின்விசிறியைப் பார்த்தாள்.

"நீதான சொன்ன, ஊதாவப் பாத்தா அடிபட்டு ரத்தம் கட்டின மாதிரி இருக்குன்னு. அதான், நீ ஊர்ல இல்லாதப்ப ஆசை தீரப் போட்டுட்டேன். நீ வர்றதுக்குள்ள வீட்ட விட்டு அனுப்பிடணும்னு எதிர்வீட்டு நர்ஸம்மாகிட்ட குடுத்துட்டேன். ஜன்னல் வழியா பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்வாங்க, நல்ல மனுஷி."

"அப்புறம்?"

"அப்புறம் தொடல."

ஜன்னல், எதிர்வீட்டு நர்ஸ், மனைவி ஊரில் இல்லாத சமயம் என்று கேட்டதும் சிலருக்கு நாக்கு ஊறும். மருந்துக்கடையில் இரண்டு நாள் ஊறியும் பார்த்தது. ஒன்றும் தேறவில்லை. அந்த நர்ஸ் அப்போதே ஓவியருக்குப் பெரியக்கா வயது. மனிதர் மறைத்தது நர்ஸை இல்லை, நிறத்தை.

வக்கீலம்மாவின் மனம் அந்தப் பக்கமே போகவில்லை. ஓய்வுபெற்ற ஒரு நர்ஸை, உலகம் பார்க்க, கள்ளப் படம் விற்கிறவள் என்று எழுதியாயிற்று. உண்மையைச் சொன்னவளின் கணக்கை மூடவைத்தாயிற்று. அவர் முகம் போன போக்கைப் பார்த்து நாத்தனாரே கேலியை நிறுத்திக்கொண்டாள்.

"அண்ணி, நான் சொல்றதக் கேளுங்க. விசாரணை முடியற வரைக்கும் வாயத் திறக்காதீங்க. அந்தக் கலைப்பொக்கிஷம் இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருப்பான். பொண்டாட்டிக்கே அடையாளம் தெரியலன்னு ஒரு வரி போதும், நீங்க இத்தன நாள் கேட்டதெல்லாம் குப்பைக்குப் போயிரும். நர்ஸம்மாவுக்குத் தனியா மெசேஜ் போட்டு மன்னிப்புக் கேட்டுக்கோங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"திட்டினது நடுத்தெருவுல. மன்னிப்பு மட்டும் கொல்லப்பக்கமாவா?"

"ஆமா, இதுல ஒண்ணும் கொறச்சல் இல்ல!" என்றாள் நாத்தனார். ஆனால் போகவில்லை, நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

படம் தன்னுடையதுதான் என்று ஓவியரிடம் எழுதி வாங்கி, தளத்துக்கு அனுப்பி, நர்ஸின் கணக்கைத் திறக்கவைத்தார் வக்கீலம்மா. ஊதாப் படம் மறுபடி ஏலத்துக்கு வந்தது. மன்னிப்பை எழுத அவர் உட்கார்ந்தபோது, 'இது போலி' என்று தாம் எழுதியிருந்ததற்கு அடியில் நர்ஸின் எழுத்து முந்திக்கொண்டு நின்றது.

'என் கணவர், என் கணவர் என்று எழுதினீர்களே. எழுதுவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?'

அவ்வளவுதான். எத்தனையோ பேரைத் திக்குமுக்காடவைத்த பெட்டிக்குள் இப்போது வக்கீலம்மாவே நின்றார். பதில் எழுதாவிட்டால் சிவப்பு எழுத்து அவர் பெயருக்குக் கீழே விழும். கலைப்பொக்கிஷமும் பார்த்துக்கொண்டிருப்பான்.

"சின்னத் தவறு நடந்துபோச்சுன்னு பூசி மெழுகிடுங்க" என்றாள் நாத்தனார். "பழைய படம், போட்டோவுல சரியாத் தெரியலன்னு போடுங்க."

"போட்டோ என்ன பண்ணுச்சு, பாவம்."

ஓவியர் சத்தமில்லாமல் தேநீர் கொண்டுவந்து வைத்தார். அது ஆறிப்போனது. வக்கீலம்மா எழுதினார், அழித்தார், எழுதினார். கடைசியில் இப்படி அனுப்பினார்:

'கேட்கவில்லை. அவர் என்ன வரைவார் என்று அவரைவிட எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஊதா எனக்குப் பிடிக்காது. அதை நான் சொன்னதால் அவர் விட்டுவிட்டார். அவர் விட்டதை, தொட்டதே இல்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். இந்தப் படத்தை அவர்தான் வரைந்தார், அவர்தான் உங்களுக்குக் கொடுத்தார். நீங்கள் சொன்னது உண்மை. தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னவள் நான். என்னை மன்னித்துவிடுங்கள்.'

"அம்மாடி! மிச்சம் வைக்காம எழுதிட்டீங்களே" என்றாள் நாத்தனார். குரலில் கிண்டல் இருந்தது. கண் வேறு மாதிரி இருந்தது.

அவள் சொன்னபடியே எல்லாம் நடந்தது. கணவரின் கைவண்ணம் மனைவிக்கே எல்லா நேரமும் தெரிந்துவிடுவதில்லை என்பதால் இனி அவர் கருத்தைச் சான்றாக எடுத்துக்கொள்ள இயலாது என்று தளம் எழுதியது, நன்றியோடு. கலைப்பொக்கிஷம் விடுதலையாகி வந்து, அந்த மன்னிப்பை அப்படியே வெட்டித் தன் ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒட்டினான். 'மனைவியே அறியாத அரிய படைப்புகள்' என்று தலைப்பு வேறு. மருந்துக்கடைக்காரர், பாவம், அந்த வாரம் மருந்து கேட்டவர்களிடம்கூட அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஊதாப் படம் அமோகமாக விற்றது. ஓவியரின் மனைவியே பொதுவெளியில் தலைகுனிந்து ஒப்புக்கொண்ட படம். அதைவிடக் கெட்டியான சான்றிதழ் எதற்கு? வக்கீலம்மாவும் ஆசைப்பட்டு ஏலம் கேட்டார். பாதியிலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டார்.

வேறு யாராவது என்றால் அத்தோடு கணினியை மூடி உறைபோட்டிருப்பார்கள். இந்த அம்மா மறுநாளே கலைப்பொக்கிஷத்தின் புதுப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். ஒரே ஒரு மாற்றம், முதலில் குரல் கொடுத்தார்.

"ஏங்க, கொஞ்சம் வாங்க. இது உங்களுதா?"

ஓவியர் கை துடைத்துக்கொண்டே வந்து பார்த்தார். "இல்ல. ஆனா நாற்காலி என்னவிட நல்லாப் போட்டிருக்கான்."

"அபிப்பிராயம் கேக்கல. உங்களுதா, இல்லையா?"

"இல்ல."

பெட்டியைத் திறந்தார். தம் வார்த்தைக்கு இனி என்ன மதிப்பு என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அங்கே ஏற்கனவே ஒரு கேள்வி நின்றிருந்தது. தையல் மெஷினும் புத்தக அலமாரியும் விற்ற அதே கணக்கு.

'தவறு செய்த அந்த அம்மா என் ஒரே கேள்விக்கு முழுப் பதில் சொன்னார். அதை எடுத்து ஒட்டியிருக்கிறீர்களே, உங்கள் முதல் படத்தில் அவர் கடைசியாகக் கேட்டதற்கு நீங்கள் பதில் சொன்னீர்களா? தண்ணீரில் போர்டு ஏன் நேராக நிற்கிறது?'

அதற்குக் கீழே முன்பின் தெரியாத ஒருவர், 'நானும் அதையே கேட்கிறேன்' என்று எழுதியிருந்தார். இன்னொருவர் பின்பக்கத்துப் போட்டோ கேட்டிருந்தார். ஒவ்வொன்றுக்கும் அடியில் சிவப்பாகச் சிவப்பாக எழுத்துகள். வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியைத்தான் துடைத்தார் என்றே வைத்துக்கொள்வோம்.

ஓவியரிடம் சொல்லிப் பழைய வீட்டுக்காரர் மூலமாக நர்ஸின் எண்ணைத் தேடிப்பிடித்து, அன்றைக்கே பேசினார். மறுமுனையில் குரல் கறாராகத்தான் இருந்தது.

"இன்னும் ரெண்டு படம் போட்டிருக்கான் பாத்தீங்களா? ஒண்ணுக்கு நீங்க கேளுங்க, இன்னொண்ணுக்கு நான் கேக்கறேன்."

"ரெண்டுக்கும் நீங்களே முதல்ல கேளுங்கக்கா" என்றார் வக்கீலம்மா. "நான் உங்களுக்குப் பின்னாடி வர்றேன்."