படகுக்காரன் அழைப்பு

எகிப்தின் இஸ்மாயிலியா நகரில் ஷௌகியின் கடைக்கு மூக்குக்கண்ணாடி வாங்கப் போகிறவர்களுக்குக் கண்ணாடியோடு ஒரு கதையும் கிடைக்கும். "மூணாவது வரி தெரியுதா? சரி. போன வருஷம் டிரையத்லான்ல நான் எப்படிக் கவுந்தேன்னு சொன்னேனா?" என்று ஆரம்பித்துவிடுவான். கேட்டவர்களிடமே திரும்பவும் சொல்வான். தன்னைத்தானே கேலி செய்துகொள்வதில் அந்த ஊரில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

கதை இதுதான். செங்கடல் கரையில் பந்தயம். கடலில் நீந்திக் கரையேற வேண்டும், சைக்கிளில் நூற்றெண்பது கிலோமீட்டர் மிதிக்க வேண்டும், அப்புறமும் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தால் ஒரு முழு மாரத்தான் ஓட வேண்டும். நீச்சலில் ஷௌகி தேறிவிட்டான். அவனுக்குப் பின்னாலும் ஆட்கள் வந்தார்கள், இரண்டு பேர். சைக்கிளில் பாதி தூரம் போனதும் எதிர்காற்று பிடித்துக்கொண்டது. விடிந்ததிலிருந்து வயிற்றுக்குள் போனதெல்லாம் பாக்கெட்டில் அடைத்த தித்திப்புக் கூழ். அந்த நேரம் பார்த்துச் சாலையோரத்தில், பந்தயத்துக்குக் காவல் நின்ற மூன்று போலீஸ்காரர்கள் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ரொட்டி, மொச்சை மசியல், சுடச்சுடத் தாமியா வடை, ஊறுகாய் என்று பரப்பியிருந்தார்கள்.

"கேப்டன்! வாங்க, சாப்பிடலாம்!" என்று கத்தினார் ஏட்டு.

எகிப்தில் சாப்பிடுகிறவன் கண்ணில் யார் பட்டாலும் இப்படித்தான் கூப்பிடுவான். இதற்குப் படகுக்காரன் அழைப்பு என்றே பெயர். நடு ஆற்றில் போகிற படகிலிருந்து கரையில் நிற்பவனைச் சாப்பிடக் கூப்பிடுவது. அவனால் வர முடியாது, இவனுக்கு ரொட்டியும் மிச்சம். கேட்டவன் நெஞ்சில் கையை வைத்து, "சுகமா சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும். ஷௌகி பிரேக் பிடித்தான்.

அவன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது ஏட்டின் முகம் போன போக்கைக் கடையில் நடித்தே காட்டுவான். பாவம், கூப்பிட்ட வாயால் போ என்று சொல்ல முடியுமா? தன் ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு டீ. டீயை வேண்டாம் என்றால் மரியாதையாக இருக்காது. இரண்டாவது டீ புதினா போட்டது. பின்தங்கியவர்களை அள்ளிக்கொண்டு வரும் கடைசி வேன் வந்தபோது, ஷௌகி ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏட்டுடன் வெங்காய விலை பேசிக்கொண்டிருந்தான். சைக்கிளை ஏற்றினார்கள். கையில் ஒரு வடையோடு அவனையும் ஏற்றினார்கள்.

இந்த இடத்தில் கடையில் எல்லோரும் சிரிப்பார்கள். கதை இங்கேயே முடிந்துவிடும்.

அதற்குப் பிறகு நடந்ததை அவன் யாருக்கும் சொல்வதில்லை. பந்தயம் முடிகிற எல்லைக்கோட்டில் அவன் மனைவி இனாஸ் நின்றிருந்தாள். வேனிலிருந்து இறங்கியவனைப் பாய்ந்து வந்து கட்டிக்கொண்டாள், பிறகு மெல்ல விலகி முகர்ந்து பார்த்தாள். "ஊறுகாயா?" என்று கேட்டாள். ஊர் திரும்பும்வரை வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான் சொன்னாள்: "இன்னொரு தடவை ஓடணும்னா ஓடு, ஷௌகி. நான் வர மாட்டேன்."

அவன் மறுபடியும் பெயர் கொடுத்தான். கோட்டைத் தாண்ட வேண்டும், தாண்டும்போது அவள் அங்கே நிற்க வேண்டும். முதலாவது கால்களைப் பொறுத்தது. இரண்டாவதற்கு என்ன பயிற்சி எடுப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.

ஏற்கெனவே இரண்டு முறை பந்தயத்தை முடித்தவனும், அந்தப் பெருமையில் பேச்சை மட்டும் முடிக்கத் தெரியாதவனுமான அவன் சிநேகிதன் லுட்ஃபி பயிற்சியை ஏற்றுக்கொண்டான்.

"உன் கால்ல ஒரு கோளாறும் இல்லடா. கோளாறெல்லாம் வாய்லதான். வேண்டாம்னு சொல்லத் தெரியல உனக்கு."

"சொல்லத் தெரியும். வடை இல்லாத எடத்துல நல்லாவே சொல்லுவேன்."

"வடை இருக்கற எடத்துலயே பழகு. வெள்ளிக்கிழமை ஃபாயெத் ரோட்டுல போறோம்."

அந்தச் சாலையில் மாந்தோப்புக் காவல்காரர்கள், மீன் வறுக்கிறவர்கள், லாரி நிழலில் சாப்பிடுகிறவர்கள் என்று வழி நெடுகக் கூப்பிடுகிறவர்கள்தான். முதல் வெள்ளி, ஷௌகி முறைப்படி நெஞ்சில் கையை வைத்தான். ஒற்றைக் கையில் சைக்கிள் நிற்கவில்லை. நேராக வாய்க்காலில் இறங்கினான். கூப்பிட்ட மாந்தோப்புக்காரர்களே ஓடி வந்து தூக்கினார்கள். சேறும் சகதியுமாக நிற்கிறவனைச் சும்மா அனுப்ப மனம் வருமா? உட்கார வைத்துச் சோறு போட்டார்கள். லுட்ஃபி தலையில் அடித்துக்கொண்டு, அவனும் உட்கார்ந்து சாப்பிட்டான்.

திம்ஸா ஏரியில் நீந்தும்போது இன்னும் மோசம். அங்கே கூப்பிட்டவர்கள் நிஜப் படகுக்காரர்கள். "கேப்டன், வாங்க, மீன் சாப்பிடலாம்!" நீந்திக்கொண்டிருந்தவன் பழக்க தோஷத்தில் நெஞ்சில் கையை வைத்தான். அப்படியே மூழ்கினான்.

ஆனாலும் மனிதன் தேறினான். மாதங்கள் போகப் போக, கண்ணைத் திருப்பாமல், வேகம் குறையாமல், விரல்களை மட்டும் நெஞ்சில் தொட்டு, "சுகமா சாப்பிடுங்க" என்று சொல்லக் கற்றுக்கொண்டான். ஒரு கல்யாணப் பந்தலையே அப்படித் தாண்டினான். மாமியார் வீட்டில் அரிசி அடைத்த புறாவை வேண்டாம் என்று சொல்லி எழுந்தபோது, "உங்களுக்குள்ள ஏதாச்சும் சண்டையாடி?" என்று அவர் மகளை ஓரமாக இழுத்துக் கேட்டார். லுட்ஃபி மட்டும் பூரித்துப்போனான். "இப்ப நீ இரும்புடா!"

பந்தயத்துக்கு இன்னும் சில நாள்களே இருந்தன. ஒரு சாயங்காலம் ஷௌகி ஓடப் புறப்பட்டுக் கூடத்தைக் கடந்தான். பால்கனியில் இனாஸ் உட்கார்ந்திருந்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியை. அந்த நேரத்தில் வழக்கமாகப் பரீட்சைத் தாள்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள்.

"ஷௌகி, வாயேன். ஒரு டீ குடிச்சிட்டுப் போ."

அவன் வேகம் குறையவில்லை. விரல்கள் நெஞ்சைத் தொட்டன. "சுகமா குடி!" என்றான். படியிறங்கிவிட்டான்.

நன்னீர்க் கால்வாய்ப் பாலத்தில் லுட்ஃபி காத்திருந்தான். ஷௌகி ஓடிக்கொண்டே பெருமையடித்தான்.

"வீட்டுலயே கூப்பிட்டாங்கடா. நிக்கலையே! அப்படியே விட்டுட்டு வந்துட்டேன்."

"யாரு கூப்பிட்டா?"

"இனாஸ்தான்."

லுட்ஃபிக்கு அன்று பேச்சு வரவில்லை. அவன் முகத்தைப் பார்த்ததும் ஷௌகியின் கால் நின்றது. பால்கனி மேசையில் இரண்டு கிளாஸ் இருந்தது, பரீட்சைத் தாள் ஒன்றுகூட இல்லை என்பதெல்லாம் அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சொந்த வீட்டுக்குள் யாராவது படகுக்காரன் அழைப்பு அழைப்பார்களா? கட்டிய மனைவி மனதார உட்காரச் சொன்னதற்கு, முன்பின் தெரியாத லாரிக்காரனுக்குச் சொல்கிற பதிலைச் சொல்லிவிட்டு வந்திருந்தான். அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"டேய், எங்கடா திரும்பறே? இன்னிக்கு நீள ஓட்டம்!"

"நீ ஓடு."

பயிற்சியில் ஒரு நாளும் வராத வேகம் அன்று வந்தது. நாலு மாடி ஏறி மூச்சிரைக்க நின்றான். இனாஸ் தன் கிளாஸைக் குடித்து முடித்திருந்தாள்.

"என்ன, எதையாவது மறந்துட்டியா?" என்றாள்.

"ஆமா. டீ குடிக்க."

"ஆறிப்போச்சு."

"பரவால்ல." உட்கார்ந்து ஒரே மடக்காகக் குடித்தான். என்ன பேசுவதென்று தெரியாமல், வழக்கம்போல, "ஏட்டு குடுத்த டீ இதைவிட..." என்று வேடிக்கையாகத் தொடங்கினான்.

"வேண்டாம் ஷௌகி." அவள் குரல் உயரவில்லை. "அந்த ஏட்டு என்ன சாப்பிட்டாரு, எப்படி முழிச்சாருன்னு ஊருக்கே தெரியும். நான் அங்க என்ன செஞ்சுக்கிட்டிருந்தேன்னு நீ ஒரு நாள்கூடக் கேக்கல."

சிரிக்க வைக்க அவனிடம் எதுவும் மிச்சமில்லை.

"என்ன செஞ்சே?" என்று கேட்டான்.

அவள் சொன்னாள். வந்து சேர்ந்த ஒவ்வொருவரையும் நிறுத்தி, நீச்சலில் மஞ்சள் தொப்பி போட்ட ஒருத்தரைப் பார்த்தீங்களா என்று கேட்டது. பார்க்கவில்லை என்று அவர்கள் சொன்னது. கணக்கில் ஒருவர் குறைகிறார் என்று யாரோ பேசியது காதில் விழுந்தது. கடல் பக்கம் போய் நின்றது. எந்தப் பக்கம் தேடுவது என்று தெரியாமல், அலையில் மஞ்சளாக எதுவும் தெரியாதா, தெரிந்துவிடக் கூடாதே என்று இரண்டையும் ஒரே நேரத்தில் வேண்டிக்கொண்டது. எல்லைக்கோட்டில் காற்றடைத்து நிறுத்தியிருந்த வளைவை அவிழ்த்து மடித்தவர்கள், தள்ளி நில்லும்மா என்று சொன்னது. அவன் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியம் வாக்கியமாக யோசித்தது.

கீழே தெருவில் லுட்ஃபி ஷௌகியின் பெயரைச் சொல்லிக் கத்தினான், பிறகு ஓய்ந்துபோனான். ஷௌகி எழுந்திருக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டான், அதை மறைக்கவும் இல்லை.

சொல்லி முடித்து அவள் கிளாஸ்களை எடுத்தாள். அடுப்படி வாசலில் நின்று திரும்பினாள்.

"அந்தக் கோட்டுக்கிட்ட ஒரு பொட்டு நிழல்கூட இல்ல" என்றாள். "இந்தத் தடவை குடை எடுத்துக்கறேன்."