மூஸ் யாரிடம் இருக்கிறது

விரல் நுனி வெட்டிய கையுறைகளோடு ஒலேனா போய்ச்சுக் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். கனடாவின் வினிபெக் நகரில் இன்னும் விடியவில்லை. கட்டடத்து ஹீட்டரும் மேலாளரைப் போலத்தான், ஆட்கள் வந்து வெகுநேரம் கழித்தே கண்விழிக்கும். முந்தின நாள் குழுவில் நான்கு பேரும் எழுதிய கணினி நிரலை ஒன்றாகச் சேர்த்து, லாரிகள் கிளம்புவதற்குள் 'மெயின்' என்கிற பொதுப் பிரதியில் ஏற்றியாக வேண்டும். ஒரே வரியை இரண்டு பேர் இரண்டு விதமாக மாற்றி வைத்திருப்பார்கள். எதை வைப்பது, எதை எடுப்பது என்று கண் எரிய எரியப் பார்ப்பதுதான் அவள் வேலை. அந்த நிரல் காட்டும் பாதையில்தான் பனிக்காட்டில் ரொட்டி லாரிகள் ஓடின.

அந்த வேலைக்கு இப்போது மதிப்பில்லை. மேலாளர் கிர்க் சுவரில் ஒரு திரையை மாட்டியிருந்தான். யார் பெயரில் எத்தனை முறை மாற்றம் பதிவாகியிருக்கிறது என்று அது வரிசைப்படுத்திக் காட்டும். மாதக் கடைசியில் அடியில் இருக்கிற பெயருக்கு வேலை போய்விடும். ஊரார் நிரலைச் சரிபார்க்கிறவளுக்குத் தன் பெயரில் எழுத நேரமேது? ஒலேனாதான் அடியில் இருந்தாள்.

முன்பெல்லாம் மெயினில் கைவைக்கிறவர் மூஸ் என்கிற பெரிய காட்டுமானின் துணிப் பொம்மை ஒன்றைத் தன் மேசைக்கு எடுத்துப் போவார். பொம்மை திரும்பி வரும்வரை மற்றவர்கள் காத்திருப்பார்கள். இப்போது காத்திருந்தால் எண்ணிக்கையில் பின்தங்க வேண்டியதுதான். பொம்மை பிரிண்டருக்குப் பின்னால் தூசி தின்றுகொண்டு கிடந்தது. ஒரு திருத்தத்தைத் துண்டு துண்டாகப் பிய்த்துப் பதிந்தார்கள். முதுகுக்குப் பின்னால் யாராவது நடந்தால் திரையை மறைத்தார்கள். ஒலேனாவுக்கு ரெனோ மீதுதான் சந்தேகம். புதிதாக வந்தவன், சுவரில் முதலிடம், யாரோடும் உட்கார்ந்து சாப்பிடாதவன். நல்லவன் எதற்கு அப்படி ஒதுங்க வேண்டும்?

அன்று அவள் மெயினைத் திறந்தாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு செய்த வேலை மொத்தமும் காணவில்லை. மூடிய சாலைகளைத் தவிர்க்கச் சொல்லும் அவளுடைய திருத்தமும் போயிருந்தது. முந்தின மாலை யாரோ பழைய பிரதி ஒன்றை மெயின் மேலேயே ஏற்றியிருந்தார்கள். ஏற்றும் கணக்கு எல்லாருக்கும் பொது என்பதால் யார் என்று தெரியவில்லை. இரவு லாரிகள் அதை நம்பித்தான் போயிருந்தன.

மற்ற மூவரும் வந்து உட்கார்வதற்குள் கிர்க் பூட்ஸ் பனியைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்து, ஒலேனாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டான்.

"மூடின ரோட்டுல லாரி கவுந்து கிடக்கு. டிரைவருக்கு இடுப்பெலும்பு நொறுங்கிப்போச்சு. எனக்கு ஒரு பேரு வேணும்."

"அவரு எப்படி இருக்காரு?"

"உயிரோடதான் இருக்காரு. நீ பேரைக் கண்டுபிடிச்சுச் சொல்லு. உன் வேலை பத்திரம்."

"சொல்லலேன்னா?"

கிர்க் கண்ணாடி வழியாகச் சுவர்த்திரையைப் பார்த்தான்.

அவள் நேராக ரெனோவிடம் போனாள். "அடுத்தவ வேலையை அழிச்சுட்டு உனக்கு எப்படித் தூக்கம் வருது?"

"நானா? என் வேலையும்தான் போயிருக்கு. தினமும் மெயினைச் சேர்க்கறது நீ. நீதான்னு நான் நினைச்சேன்."

"என் வேலையை நானே எதுக்குடா அழிக்கணும்?"

"அடியில இருக்கறவங்களுக்கு மத்தவங்களையும் பிடிச்சு இழுக்கத் தோணாதா?"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க," என்றாள் அடுத்த மேசையிலிருந்து மாரிடெஸ். "நீங்க அடிச்சுக்கணும்னுதானே கிர்க் காத்துக்கிட்டிருக்கான். நம்ம மெஷின்ல எல்லாம் முழுப் பிரதி இருக்குல்ல? யாருது புதுசுன்னு பாப்போம்."

அது இந்தத் தொழிலின் புண்ணியம். பொதுப் பிரதி பாழானாலும், வேலை செய்கிற ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் இருக்கும். ஆனால் திரையைத் திருப்பிக் காட்ட முதலில் யாருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் ரெனோ திருப்பினான். அப்புறம் மாரிடெஸ், ஒலேனா. நான்காமவர், குழுவில் மூத்தவரான வெண்டல் மட்டும் திருப்பவில்லை.

"என்னோடதுல வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் ஒண்ணும் இல்ல," என்றார் வெண்டல். "ஏத்தும்போதே மெஷின் மாட்டேன்னுச்சு. மத்தவங்க மாத்தினதை முதல்ல எடுத்துக்கோன்னுச்சு. அதுக்குள்ள என் பேரு கீழ இறங்கிடுமேன்னு பயம். கட்டாயப்படுத்தி ஏத்திட்டேன். மூஸைத் தேடக்கூட இல்ல."

ஒலேனாவுக்கு ஆத்திரம் பொங்கியது. கூடவே, இந்தப் பெயரைச் சொன்னால் வேலை தப்பும் என்ற நினைப்பும் வந்தது. வந்ததற்காக அவள் தன்னையே வெறுத்தாள்.

"நீங்க செஞ்சது பெரிய தப்பு, வெண்டல். அந்த டிரைவரைப் போய்ப் பாக்கணும். எல்லாருமே போவோம்." அவள் சுவரைக் காட்டினாள். "ஆனா காத்திருந்தா சோறு போயிடும்னு நமக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?"

ரெனோ எழுந்து பிரிண்டருக்குப் பின்னால் கைவிட்டான். மூஸைத் தூசி தட்டி மேசை நடுவில் வைத்தான். நான்கு நாற்காலிகளும் ஒரே திரை முன்னால் வந்தன. வரிவரியாகப் படித்துச் சரிசெய்தார்கள். பதியும் இடத்தில் ஒலேனா தன் பெயரை அடித்தாள்.

"என் பேரையும் போடு," என்றாள் மாரிடெஸ். "வெண்டல் பேரையும். இனிமே எதைப் பதிஞ்சாலும் நாலு பேரோட பேரும்தான்."

எல்லாரும் ரெனோவைப் பார்த்தார்கள். அவனுக்குத்தான் இதில் நஷ்டம்.

"என் முதலிடமா? தொலையட்டும் சனியன். அடி என் பேரையும்."

கிர்க் வந்து நின்றான். "பேரு கிடைச்சுதா?"

"கிடைச்சுது," என்று ஒலேனா நான்கு பெயர்களையும் வாசித்தாள்.

"விளையாடறியா? அழிச்சது யாருன்னு கேட்டேன்."

"எங்களைக் காத்திருக்க விடாத அந்தத் திரைதான். டிரைவர்கள் யூனியனுக்கும் இதையேதான் எழுதப் போறோம். நாலு பேரும் கையெழுத்துப் போட்டு."

"நாலு பேரையும் அனுப்பிடுவேன்."

"அனுப்பலாம், கிர்க். நாளைக்கு லாரி கிளம்பறதுக்குள்ள மெயினை யாரு பாப்பான்னும் யோசிச்சுக்குங்க."

கிர்க் என்ன செய்வான் என்று யாருக்கும் தெரியாது. அவன் எரிச்சலோடு மேசையிலிருந்த பொம்மையை எடுக்கக் கை நீட்டினான். அதற்குமுன் வெண்டலின் கை அதன்மேல் விழுந்தது.

"மூஸ் எங்ககிட்ட இருக்கு, கிர்க். வேலை முடியற வரைக்கும் நீங்க காத்திருக்கணும்."